சொந்த மண் வாங்கிய கிளப்

ராஜா அண்ணாமலைபுரத்தில் கிளப்புகளுக்குப் பஞ்சமில்லை. அடையாற்றின் வடகரையில், 1867-இல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப் இருக்கிறது. அதன் பெயரே அங்குள்ள சாலைக்கும் ஆகிவிட்டது. கொஞ்சம் தள்ளி, பழைய மௌப்ரே தோட்டத்து மாளிகையில் மெட்ராஸ் கிளப். 1832-இல் மவுண்ட் ரோடு பக்கம் பிறந்து, 1963-இல் அடையாறு கிளப்போடு இணைந்து ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தது. இன்றைய டி.டி.கே. சாலையைப் பழைய ஆட்கள் மௌப்ரேஸ் ரோடு என்று சொல்வது இந்தத் தோட்டத்தை வைத்துத்தான்.

இந்தப் பழைய கிளப்புகளின் வரலாற்றில் யாரைச் சேர்த்தார்கள் என்பதைவிட யாரைச் சேர்க்கவில்லை என்பதே பெரிய பகுதி. மெட்ராஸ் கிளப்பில் நெடுங்காலம் இந்தியர்களுக்கு இடமில்லை. அந்தப் புழுக்கத்தில்தான் 1873-இல் மவுண்ட் ரோட்டில் காஸ்மாபாலிடன் கிளப் உருவானது. அதே காலத் தமிழர் பேச்சில் கிளப் என்ற சொல் வேறு பாதையில் நடந்தது. கையில் காசிருந்தால் உட்கார்ந்து இட்லி சாப்பிடக்கூடிய இடம் 'காபி கிளப்' ஆனது. வாசலில் ஆள் நிறுத்தித் தடுக்கும் இடத்துக்கும் சாம்பார் மணக்கும் பொது இடத்துக்கும் ஒரே பெயர் விழுந்தது எனக்கு எப்போதும் வியப்பு.

நான் எழுத வந்த கிளப்புக்கு ஆற்றங்கரை மாளிகை கிடையாது. 1950-களின் முன்பாதியில், கார் மீதும் மோட்டார் சைக்கிள் மீதும் பித்துப்பிடித்த சிலர் சேர்ந்து தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அது. சுருக்கமாக எம்.எம்.எஸ்.சி. அரசனும் அரசாங்கமும் பெருநிறுவனமும் பின்னால் நிற்காமல், உறுப்பினர் சங்கமாகவே இருந்து, சொந்த நிலத்தில் சொந்தப் பந்தயத் தடம் கட்டிக்கொண்ட வேறொரு மோட்டார் கிளப் இந்தியாவில் எனக்குத் தெரிந்து இல்லை. இந்திய மோட்டார் பந்தயத்தின் வரலாற்றைப் பெரிய பெயர்களை வைத்து எழுதுவது வழக்கம். அந்தப் பெயர்கள் ஓடிப் பழகிய தரை யாருடையது என்று பார்த்தால் கதை வேறாகத் தெரிகிறது.

தொடக்கம் இந்தப் பகுதிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சென்னையில் ஓடிய முதல் கார் பாரி கம்பெனி இயக்குநர் ஒருவருடையது என்பது நகர வரலாற்றை எழுதியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி. அடையாற்றுப் பக்கத்து பென்ஸ் கார்டனிலிருந்து அவர் தினமும் பாரிமுனைக்கு வண்டி ஓட்டிப் போனாராம். அதற்கு அவர்கள் தரும் ஆண்டு 1894. கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை பெற்றதே 1886-இல் என்பதால், இந்த ஆண்டைக் கொஞ்சம் தயக்கத்தோடுதான் ஏற்க வேண்டியிருக்கிறது. 1903-இல் மவுண்ட் ரோடு சிம்ப்சன் கம்பெனியின் சாமுவேல் ஜான் கிரீன் நீராவியால் ஓடும் கார் ஒன்றை இங்கேயே செய்து ஓட்டிக் காட்டியதில் அப்படிச் சந்தேகம் இல்லை. எம்.சி. 1 என்ற பதிவெண் துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்குக்குப் போனது. எம்.சி. 3, உயர் நீதிமன்றம் உள்ளிட்ட செந்நிறக் கட்டடங்களைக் கட்டிய நம்பெருமாள் செட்டியாருக்கு.

வண்டி வந்தால் சங்கமும் வரும். பாரிஸில் 1895-இல் பிரெஞ்சு ஆட்டோமொபைல் கிளப்பும், லண்டனில் 1897-இல் பின்னாளைய ராயல் ஆட்டோமொபைல் கிளப்பும் தோன்றின. சென்னையில் 1905-இல் தென்னிந்திய மோட்டார் யூனியன் அமைந்தது. பிற்பாடு தென்னிந்திய ஆட்டோமொபைல் சங்கமாகப் பெயர் மாறி அண்ணா சாலையில் நிலைத்தது இதுதான். வழிகாட்டிப் பலகை, வரைபடம், உரிமம், வெளிநாட்டுப் பயணத்துக்கான அனுமதிச் சீட்டு என்று கார்க்காரரின் அன்றாடத் தேவைகளை அது பார்த்துக்கொண்டது. வேகம் அதன் வேலையாக இருக்கவில்லை. வேகத்துக்கு ஒரு தனி இடம் வேண்டியிருந்தது. அந்த இடத்தை யுத்தம் கொடுத்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது உலகெங்கும் விமான ஓடுதளங்கள் வேலையற்றுக் கிடந்தன. இங்கிலாந்தில் 1943-இல் குண்டுவீச்சு விமானங்களுக்காகத் திறக்கப்பட்ட சில்வர்ஸ்டோன் தளத்தில் 1948-இல் பந்தயம் நடந்தது. அமெரிக்காவில் செப்ரிங் விமானத் தளத்தில் 1950-இல். சென்னைக்கு வடக்கே, செங்குன்றம் தாண்டி, கல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி சோழவரம் ஓடுதளம் இருந்தது. பம்பாய்க்காரர்கள் ஜூஹுவிலும் கல்கத்தாக்காரர்கள் பாரக்பூரிலும் இதே மாதிரி ஓடுதளங்களில் வண்டி விட்டார்கள். அந்த இரண்டு ஊர்ப் பந்தயங்களும் நினைவாக நின்றுபோயின. சோழவரம் மட்டும் ஆண்டுத் திருவிழா ஆனது.

ஓடுதளம் என்பது வளைவுகள் இல்லாத ஒன்று. விமானத்துக்கு அதுதான் தேவை. காருக்கோ வளைவுதான் பந்தயம். அதனால் சோழவரத்தில் ஓடுதளத்தையும் அதன் குறுக்குப் பாதையையும் சேர்த்து, கிட்டத்தட்ட ஆங்கில 'டி' எழுத்துப் போல ஒரு சுற்றை வகுத்தார்கள். நீண்ட நேர்கோட்டில் இன்ஜின் தன் கடைசி மூச்சுவரை இழுக்கும். முடிவில் கொண்டை ஊசித் திருப்பம் காத்திருக்கும். எந்த இடத்தில் பிரேக்கை மிதிப்பது என்பதில்தான் ஓட்டுநரின் தைரியமும் அறிவும் தெரியும். ஒரு நொடி முன்னால் மிதித்தவனைப் பின்னால் வருபவன் கடந்துவிடுவான். ஒரு நொடி தாமதித்தவன் நேரே புல்லுக்குள் போவான். சிமென்ட் தரை டயரைத் தின்றது. தடத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே பெரும்பாலும் வைக்கோல் கட்டுகளும் கயிறும்தான்.

பந்தயம் வழக்கமாக பிப்ரவரியில். பொங்கல் முடிந்து, வெயில் ஏறுவதற்கு முந்தைய காலம். பல்லாயிரம் பேர் வந்தார்கள். பஸ்ஸில், லாரியில், சைக்கிளில் வந்தவர்களில் பெரும்பாலோர் வாழ்க்கையில் சொந்தமாகக் கார் வைத்திருந்தவர்கள் அல்லர். ரேக்ளா பந்தயம் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதைப் பார்க்க யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மாட்டுக்குப் பதில் மெஷின், அவ்வளவுதான். உறுப்பினர் சங்கம் நடத்திய நிகழ்ச்சி ஊருக்கே பொதுவான காபி கிளப் மாதிரி ஆனது சோழவரத்தில்தான் என்று நான் நினைக்கிறேன். எம்.எம்.எஸ்.சி.யின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த பகுதியும் இதுவே.

என்ன வண்டிகள் ஓடின என்பதைப் பார்த்தால் அந்தக் காலத்து இந்தியாவே தெரியும். இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. கடைக்குப் போனால் கிடைக்கும் கார்கள் மூன்று: கல்கத்தா பக்கத்து அம்பாசடர், பம்பாய் ஃபியட், நம் சென்னையின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. ஹெரால்டின் முன்மூடி முழுவதும் முன்பக்கமாகத் திறந்து, இன்ஜினையும் முன் சக்கரங்களையும் ஒருசேரக் காட்டும். மெக்கானிக்குகளுக்கு அது வரம். மோட்டார் சைக்கிளில் திருவொற்றியூர் என்ஃபீல்டும் மைசூர் ஜாவா, யெஸ்டியும் முந்திக்கொண்டன. 1983-இல் வந்த யமஹா ஆர்.டி. 350 ஒரு தலைமுறைப் பையன்களின் தூக்கத்தையே கெடுத்தது.

இந்தக் குடும்ப வண்டிகளைப் பந்தய வண்டியாக்கியது ஜி.பி. ரோட்டையும் புதுப்பேட்டையையும் சுற்றியிருந்த பட்டறைக் கைகள். சிலிண்டர் ஹெட்டைச் சீவி அழுத்தம் ஏற்றுவார்கள். ஃப்ளைவீலைக் கடைசலில் கொடுத்து எடையைக் குறைப்பார்கள். கார்புரேட்டர் ஜெட்டின் துளையை மயிரிழை பெரிதாக்குவார்கள். பின் சீட்டு, கதவு அட்டை, தரைவிரிப்பு எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிடுவார்கள். கணக்குப் புத்தகம் கையில் இல்லாமல், சத்தத்தைக் கேட்டே இன்ஜினின் நோயைச் சொன்னவர்கள் இவர்கள். கிளப்பின் உறுப்பினர் பட்டியலில் இவர்களில் எத்தனை பேர் பெயர் இருந்திருக்கும்? கோப்பையை வாங்கியவர் பெயர் தங்கியது, ஹெட்டைச் சீவியவர் பெயர் தங்கவில்லை. தனியார் கிளப் எதன் வரலாற்றை எழுதினாலும் இந்த ஓட்டை இருக்கும். எம்.எம்.எஸ்.சி.யின் வரலாற்றில் அதை அடைப்பதற்கு இன்னும் காலம் கடந்துவிடவில்லை. அந்தப் பட்டறைகளில் வேலை பார்த்தவர்கள் சிலராவது இன்று எழுபது, எண்பது வயதில் இருப்பார்கள். யாராவது ஒலிப்பதிவுக் கருவியோடு போய் உட்கார வேண்டும்.

பெரிய பெயர்கள் சோழவரத்துக்கு வந்ததும் உண்மை. கோண்டல் அரச குடும்பத்து இளவரசர் வந்தார். விஜய் மல்லையா, ஒருகாலத்தில் ஃபார்முலா ஒன்னில் ஓடிய என்சைன் வண்டியை இங்கே ஓட்டினார். ஆனால் இந்திய மோட்டார் பந்தயத்துக்குக் கூடுதலாகக் கொடுத்தவர் கோயம்புத்தூரின் கரிவரதன். பஞ்சாலைக் குடும்பத்தில் பிறந்த அவர், பணத்தை வெளிநாட்டு வண்டி வாங்குவதில் மட்டும் போடவில்லை. சொந்தமாகப் பட்டறை வைத்து, ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளைச் செய்தார். 1980-களின் இறுதியில் அவர் கொண்டுவந்த ஃபார்முலா மாருதியின் இதயம், தெருவெங்கும் ஓடிய மாருதி 800-இன் அதே 796 சி.சி. இன்ஜின். உதிரிபாகம் எங்கும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் பிரித்து மாட்டலாம், விலையும் கைக்கு எட்டும். அரச குடும்பத்தார் வாங்கிவந்த வண்டிகளோடு போட்டியிட முடியாத நடுத்தர வீட்டுப் பிள்ளைக்கு முதல் முறையாகப் பந்தயத்தில் ஓர் இருக்கை கிடைத்தது. கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். அவர் பெயரில் 2003-இல் கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே திறந்தது.

இதற்கிடையில் சோழவரத்தின் எல்லை தெரிய ஆரம்பித்திருந்தது. ஓடுதளம் கிளப்பினுடையதல்ல. ஒவ்வோர் ஆண்டும் அனுமதி கேட்க வேண்டும். சுவர் எழுப்ப முடியாது, பிட் கட்ட முடியாது, வளைவை மாற்ற முடியாது. வண்டிகளின் வேகம் ஏறிக்கொண்டே போக, வைக்கோல் கட்டு அப்படியே இருந்தது.

எம்.எம்.எஸ்.சி. அப்போது எடுத்த முடிவை நான் அந்தக் கிளப்பின் ஆகப் பெரிய செயலாகக் கருதுகிறேன். சென்னைக்கு மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில், ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிலம் வாங்கித் தடம் போட்டார்கள். 1990-இல் மெட்ராஸ் மோட்டார் ரேஸ் டிராக் திறந்தது. 12 வளைவுகள், 3.717 கிலோமீட்டர் சுற்று. பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட இந்தியாவின் முதல் நிரந்தரத் தடம் அது. அன்று அங்கே தொழிற்பேட்டை கிடையாது. ஹூண்டாய் அடுத்த வீட்டுக்காரராக வந்தது 1990-களின் பின்பாதியில்; அங்கிருந்து முதல் சான்ட்ரோ வெளிவந்தது 1998-இல். சென்னையைக் கார் நகரம் என்று உலகம் அழைக்கத் தொடங்கியதற்கு முன்பே, காரைப் பற்றிய ஒரு கனவு அந்த மேட்டு நிலத்தில் தார் ஊற்றிக் காய்ந்திருந்தது.

இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் ஓர் உறுப்பினர் சங்கத்தின் கையில்தான் இருக்கிறது. 1928-இல் தொடங்கிய பிரிட்டிஷ் பந்தய ஓட்டுநர் கிளப், 1952-இல் தளத்தைக் குத்தகைக்கு எடுத்து, 1971-இல் நிலத்தையே வாங்கியது. அவர்கள் ஓடுதளத்தை வாங்கி அங்கேயே வளர்ந்தார்கள். சென்னைக்காரர்கள் ஓடுதளத்தை விட்டுவிட்டு வேறு மண்ணில் புதிதாகத் தொடங்கினார்கள். செலவிலும் உழைப்பிலும் இரண்டாவது கடினமானது.

நிலம் சொந்தமாக இருப்பதன் அர்த்தம் சென்னையில் 2024-இல் நன்றாகவே தெரிந்தது. கிண்டியில் 160 ஏக்கருக்கு மேல் பரந்திருந்த மெட்ராஸ் ரேஸ் கிளப்பின் குதிரைப் பந்தயத் திடல், 1945-இல் 99 ஆண்டுகளுக்கு அரசு கொடுத்த குத்தகை. வாடகை பாக்கித் தகராறு நீண்டு, 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து நிலத்தை எடுத்துக்கொண்டது. அந்த நிலம் பொதுமக்களுக்குத் திரும்புவதில் எனக்கு மகிழ்ச்சிதான். என்றாலும் ஒரு விளையாட்டு யாருடைய மண்ணில் நிற்கிறது என்பது அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

மண் மட்டும் போதுமா என்றால், அதற்கும் பதில் இருக்கிறது. டெல்லிக்குப் பக்கத்தில், கிரேட்டர் நொய்டாவில், 5 கிலோமீட்டருக்கும் கூடுதலான நீளத்தில் பெரும் பொருட்செலவில் புத் சர்வதேசத் தடத்தைக் கட்டுமான நிறுவனம் ஒன்று எழுப்பியது. 2011, 2012, 2013 என்று மூன்று ஆண்டுகள் ஃபார்முலா ஒன் அங்கே வந்தது. வரித் தகராறு எழுந்தது, ஃபார்முலா ஒன் போய்விட்டது. இருங்காட்டுக்கோட்டையில் அந்த மூன்று ஆண்டுகளிலும் அதற்குப் பின்னும் சனி ஞாயிறுகளில் தேசியப் பந்தயங்கள் நடந்துகொண்டே இருந்தன. பெரிய விருந்தாளிக்காகக் கட்டிய வீட்டுக்கும் குடும்பம் குடியிருக்கும் வீட்டுக்கும் உள்ள வேற்றுமை இது.

குடும்பம் என்று சொன்னது வெறும் உவமைக்காக இல்லை. ஒரு பந்தய நாளில் ஓட்டுநரைப் போல் பல மடங்கு ஆட்கள் வேலை செய்கிறார்கள். ஒவ்வொரு வளைவிலும் கொடியோடு நிற்பவர்கள் மார்ஷல்கள். மஞ்சள் அசைந்தால் முன்னே ஆபத்து, முந்தக் கூடாது. நீலம் காட்டினால் பின்னால் வேகமானவர் வருகிறார், வழிவிடு. சிவப்பு என்றால் பந்தயமே நிறுத்தம். காலையில் வண்டிகளின் எடை, பெல்ட், தீயணைப்புக் கருவி, ஹெல்மெட் எல்லாவற்றையும் பரிசோதிக்கும் குழு இருக்கிறது. நேரம் குறிப்பவர்கள் ஒருகாலத்தில் கையில் ஸ்டாப்வாட்சும் மடியில் அட்டையுமாக உட்கார்ந்து, கடந்து போகும் ஒவ்வொரு வண்டியின் எண்ணையும் எழுதினார்கள். இன்று வண்டிக்குள் இருக்கும் சிறு கருவி நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குவரை சொல்லிவிடுகிறது. வெயிலில் நின்று கொடி பிடிக்கும் வேலையை ஆண்டுக்கணக்கில் விரும்பிச் செய்யும் ஆட்களைக் கட்டுமான நிறுவனம் எதுவும் விலைக்கு வாங்க முடியாது. அவர்களை ஒரு கிளப்தான் வளர்க்க முடியும்.

விளைச்சல் கண்ணுக்குத் தெரிகிறது. நரேன் கார்த்திகேயன் பதினைந்து வயதில் தன் முதல் பந்தயத்தை ஓட்டியது ஸ்ரீபெரும்புதூர்த் தடத்தில், ஃபார்முலா மாருதியில். முதல் பந்தயத்திலேயே பரிசு மேடை ஏறினார். அவர் தந்தை ஜி.ஆர். கார்த்திகேயன், எம்.எம்.எஸ்.சி. நடத்தும் தென்னிந்திய ராலியைப் பலமுறை வென்றவர். 2005-இல் நரேன் ஜோர்டான் அணியில் ஃபார்முலா ஒன்னுக்குப் போன முதல் இந்தியரானார். அதே ஆண்டு அமெரிக்கப் பந்தயத்தில் நான்காவதாக வந்து புள்ளியும் பெற்றார். 2010-இல் போன இரண்டாமவர் கருண் சந்தோக் சென்னைப் பிள்ளை. அவர் தாத்தா இந்து சந்தோக், இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். தந்தை விக்கி சந்தோக் ராலி ஓட்டுநர், பின்னாளில் அந்தக் கூட்டமைப்பின் தலைவர். கூட்டமைப்பின் தலைமையகமும் சென்னைதான். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய இந்தியர் இதுவரை இருவரே, இருவரும் தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்கள். அதைத் தற்செயல் என்று விட்டுவிட என்னால் முடியாது. தடம் இங்கே இருந்தது.

கம்பெனிகளும் இந்தத் தடத்தைச் சுற்றித்தான் வளர்ந்தன. டி.வி.எஸ். 1982-இலேயே சொந்தப் பந்தய அணி வைத்தது. எம்.ஆர்.எஃப். தன் பெயரில் ஒற்றை இருக்கை வண்டித் தொடர்களை நடத்தியது. மைக்கேல் ஷூமாக்கரின் மகன் மிக் 2017-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஓட்டிப் போனது அப்படி ஒரு தொடரில்தான். ரசிகர்களுக்கு இவை எல்லாவற்றையும்விட நெருக்கமான பெயர் அஜித் குமார். சினிமாவில் உச்சத்தில் இருந்தபோதே இங்கே ஃபார்முலா மாருதி ஓட்டி, வெளிநாட்டுத் தொடர்களுக்குப் போய், 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் அணியோடு ஒரு பிரிவில் மூன்றாமிடம் பெற்றார்.

2023-ஐப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு உரிமை இல்லை. அந்த ஜனவரியில், பல பத்தாண்டுகள் ஓட்டிய மூத்த வீரர் ஒருவர், 59 வயதில், இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் நடந்த கார்ப் பந்தயத்தில் இறந்தார். ஆகஸ்டில் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் விழுந்து இறந்தவனுக்கு வயது 13. அந்த வாரத்தின் மற்றப் பந்தயங்கள் ரத்தாயின. சாலையில் 18 வயது ஆகாதவனுக்குக் கியர் வண்டி ஓட்ட உரிமம் கிடையாது. தடத்தில் அதற்கு முன்பே பழகாவிட்டால் உலகத் தரத்துக்கு எட்ட முடியாது என்பது பயிற்சியாளர்களின் வாதம். ஐரோப்பாவிலும் இதே வாதம், இதே வலி. எனக்கு இதில் ஒரு பக்கமாக நிற்கத் தெரிகிறது: விழுந்தவன் மேல் பின்னால் வருபவன் ஏறிவிடும் வாய்ப்புள்ள அளவுக்கு நெரிசலான வரிசையில் 13 வயதுப் பிள்ளைகளை நிறுத்தக் கூடாது. தனியே நேரத்தோடு போட்டியிட்டுப் பழகட்டும். சொந்த மண் உள்ள கிளப்புக்கு இந்த விதியை வகுக்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

  

2024 ஆகஸ்ட் 31-ம் செப்டம்பர் 1-ம் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டரில் இரவுத் தெருப் பந்தயம் நடந்தது. முந்தைய டிசம்பரில் நடந்திருக்க வேண்டியது. மிக்ஜாம் புயல் வந்து தள்ளிப்போட்டது. நடுவே உயர் நீதிமன்றத்தில் வழக்கு, ஆட்சேபம், நிபந்தனை. முதல் நாள் மழை வேறு. அண்ணா சாலையும் சிவானந்தா சாலையும் நேப்பியர் பாலப் பக்கமும் கான்கிரீட் தடுப்புகளுக்குள் வெள்ளமாய் விளக்கு எரிய, வண்டிகள் பறந்ததைப் பார்க்க நகரம் திரண்டது. சோழவரத்துக்குப் பின் பந்தயம் இப்படிப் பொதுமக்கள் நடுவே வந்ததில்லை என்ற வகையில் எனக்கு அது முக்கியமான இரவு. அந்தத் தெருப் பந்தயம் ஒரு தொடரின் பகுதி; அதன் முதல் சுற்று ஒரு வாரம் முன்னால் இருங்காட்டுக்கோட்டையில்தான் நடந்திருந்தது. தெருப் பந்தயம் முடிந்ததும் தடுப்புகளைக் கிரேன் வைத்துத் தூக்கினார்கள். அண்ணா சாலையில் மாநகரப் பேருந்துகள் மறுபடி ஓடத் தொடங்கின. பந்தய வண்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு, அடுத்த சுற்றுக்காகப் பூந்தமல்லி வழியே மேற்கே கிளம்பினார்கள்.